மகனுக்குத் திக்கும், வகுப்புப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

லிந்துலை அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மகனுக்குப் பதினொரு வயது. மூன்று வயதில் பேச்சு நன்றாக வரத் தொடங்கியபோதே திக்கலும் கூடவே வந்துவிட்டது. தரம் 5 வரை எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம். அங்கே ஒரு பிரச்சினையும் இல்லை, ஏனென்றால் வகுப்பில் பதினாலு பிள்ளைகள், எல்லாம் எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள், அம்மாமார் வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில் இருந்தே ஒன்றாகக் கிடந்து வளர்ந்ததுகள். இவனுக்குக் காது பெரிசு, இவன் திக்குவான், இரண்டும் அதுகளுக்கு ஒரே மாதிரியான சங்கதிதான்.

இந்த வருஷம் டவுன் பள்ளிக்கூடத்தில் தரம் 6. வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். முதல் நாள் ஒவ்வொருவராக எழும்பிப் பெயர் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். இவன் பெயர் 'க'வில் தொடங்கும். அவ்வளவுதான். அன்றைக்கு இன்டர்வெல் முடிவதற்குள் 'கக்கா' என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது. இப்போது செவ்வாய்க்கிழமை என்றால் காலையிலேயே வயிற்றுவலி. செவ்வாயில்தான் தமிழ் வாசிப்பு என்று மூன்று வாரம் கழித்துத்தான் எனக்குப் பிடிபட்டது.

என் பங்குக்கு நானும் ஒன்று செய்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண், பனிஸ் விற்கிற சூன் பாண் ஆட்டோ வரும்போது அவனுக்கு வேண்டியதை நானே கேட்டு வாங்கிவிடுவேன். அவனுக்குப் பிடித்தது கிம்புலா பனிஸ். அதுவும் பாழாய்ப்போன 'க' வரிசை.

டீச்சரிடம் போய், வகுப்பில் எல்லாருக்கும் சொல்லுங்கள் என்று கேட்கலாமா? இவங்க அப்பா, சொன்னால் இன்னும் கூடும், சும்மா இரு என்கிறார்.

சூடான பிளேன்டீ:

அக்கா, வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவிப் பாருங்கள். எங்கள் அப்பாயி சொல்லுவார். நாக்குக்கு அடியில் நரம்பு ஒட்டியிருந்தாலும் இப்படி வருமாம், அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

பண்டாரவளை பேச்சு:

நான் பேச்சு சிகிச்சையாளர். பிளேன்டீ தம்பி கோபிக்கக் கூடாது, வசம்பு வேண்டாம். சிறு பிள்ளைகளுக்கு அது கெடுதலும் செய்யும். நாக்கு ஒட்டியிருந்தால் சில எழுத்துகளின் உச்சரிப்பு சரியாக வராமல் போகலாம், ஆனால் திக்கலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்தப் பிள்ளைக்கே பாருங்கள், 'க' அவனுக்குச் சொல்லத் தெரிந்த எழுத்துதான், தனியாக இருக்கும்போது சுத்தமாகச் சொல்லுவான். பேச்சுக்குத் தேவையான அசைவுகளை மூளை நேரம் பிசகாமல் கோர்த்துக் கொடுக்க வேண்டும், அந்தக் கோர்வைதான் நடுவில் தடுக்கிறது. குடும்பத்தில் வழிவழியாக வருவதும் உண்டு. 2010இல் சில மரபணுக்களோடு இதற்குத் தொடர்பிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். நாய் விரட்டிப் பயந்ததால் வந்தது, அம்மா அதட்டியதால் வந்தது என்பதெல்லாம் கதை. பயமும் அவசரமும் அந்த நேரத்தில் திக்கலைக் கூட்டும், ஆனால் அதுகளா அதை உண்டாக்கின? இல்லை.

திக்கல் ஒரே மாதிரி இருக்காது. 'க க க' என்று திரும்பத் திரும்ப வருவது ஒன்று. 'ம்ம்ம்மா' என்று இழுபடுவது ஒன்று. மூன்றாவதுதான் பிள்ளைகளுக்குப் புரியாதது: வாய் தயாராக இருக்கும், சத்தமே வராது. அப்போது கண்ணை இறுக்குவான், காலைத் தட்டுவான். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் சிரிப்பார்கள், பதில் தெரியாமல் முழிக்கிறான் என்று டீச்சர்மாரும் நினைத்துவிடுவார்கள். இன்னொன்று, இது நாளுக்கு நாள் மாறும். நேற்று கடகடவென்று பேசியவன் இன்று ஒரு சொல்லுக்குத் தவிப்பான். அதனால்தான் 'நடிக்கிறான்' என்ற பேச்சு வருகிறது.

பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும். நூறு பிள்ளைகளில் ஐந்து பேருக்காவது ஏதோ ஒரு காலத்தில் இருக்கும், நிறையப் பேருக்குத் தானாகப் போய்விடும், பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் நிற்கும். வளர்ந்தபின் பெண் ஒருவருக்கு ஆண் நான்கு பேர் என்ற கணக்கில் இருக்கிறது. எழுநூறு பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் என்றால் உங்கள் மகன் மட்டும் இல்லை அம்மா, இன்னும் ஐந்தாறு பேர் எங்கேயோ பின்வாங்கில் வாய் மூடி உட்கார்ந்திருப்பார்கள்.

கொட்டகலைக்காரன்:

எனக்கு முப்பத்தெட்டு வயது, இன்றைக்கும் திக்கும். ஹட்டனில் ஒரு கடையில் வேலை செய்த காலத்தில் சாயங்காலம் கொட்டகலைக்கு பஸ் எடுப்பேன். கண்டக்டர் வந்து நிற்பார், விரல் இடுக்கில் மடித்த நோட்டுகள், பின்னால் சனம் நெருக்கும், 'எங்க, எங்க' என்பார். எனக்கு 'கொட்டகலை' வராது. 'த' வரும். அதனால் 'தலவாக்கலை' என்று சொல்லி டிக்கெட் எடுத்துவிட்டுக் கொட்டகலையில் இறங்கிவிடுவேன். இரண்டு வருஷம் இப்படிக் கூடுதல் காசு கொடுத்திருக்கிறேன். ஒரு நாள் புதுக் கண்டக்டர் ஒருவர், நல்ல மனுஷன், 'தம்பி, தலவாக்கலை இன்னும் வரல்ல, இரு' என்று என்னை இறங்கவே விடவில்லை. விளக்கம் சொல்லவும் வாய் வராது. தலவாக்கலை வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பி வேறு பஸ்ஸில் வந்தேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், திக்குகிற ஆள் பாதி நேரம் திக்குவது வெளியே தெரியாது. வரக்கூடிய சொல்லாகப் பார்த்து மாற்றிக்கொள்வான். சோறு வராவிட்டால் ரொட்டி சாப்பிட்டேன் என்பான். ஆனால் சொந்தப் பெயரை மாற்ற முடியாதே. புது வகுப்பின் முதல் நாள்தான் எங்களுக்குப் பெரிய சோதனை.

சாக்பீஸ்:

இருபத்திரண்டு வருஷமாகப் படிப்பிக்கிறேன். லிந்துலை அம்மாவுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். ஏழு வருஷத்துக்கு முன் என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை திக்குவாள். பாவம் என்று வாசிப்பில் அவள் முறை வரும்போது தாண்டி அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிடுவேன். கருணை என்றுதான் நினைத்தேன். 'எனது வகுப்பறை' என்று கட்டுரை எழுதச் சொன்னேன், அவள் கொப்பியில் ஒரு வரி: 'எங்கள் டீச்சர் நல்லவர், என்னுடைய முறை வரும்போது மட்டும் ஜன்னலைப் பார்ப்பார்.' நான் எத்தனை முறை அப்படிச் செய்தேனோ அவ்வளவையும் எண்ணி வைத்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டு உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். முதல் ஐந்து மாதம் கேட்காத கேள்வி. தன்னைத் தாண்டக் கூடாது, ஆனால் வரிசையாகவும் வரக் கூடாது என்றாள். வரிசையில் ஆறு பேருக்கு முன்னாலிருந்தே எண்ணத் தொடங்கிவிடுவாளாம், எந்தப் பந்தி தனக்கு விழும், அதில் எந்தச் சொல் கடிக்கும் என்று பார்த்துக்கொண்டே இருப்பதில் பாடம் ஒன்றும் காதில் ஏறாதாம். முதல் ஆளாகக் கூப்பிட்டால் பரவாயில்லை என்றாள். அப்புறம் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து வாசிக்க வைத்தேன், வகுப்பு முழுவதையும், அவளை மட்டும் இல்லை. ஒருவரோடு சேர்ந்து வாசிக்கும்போது அவளுக்குத் திக்கவே இல்லை. எனக்கு அது அதிசயமாக இருந்தது.

பண்டாரவளை பேச்சு:

ஆமாம் டீச்சர், சேர்ந்து வாசித்தால், பாடினால், ஆட்டுக்குட்டியோடு பேசினால் பெரும்பாலானவர்களுக்குத் திக்காது. அதை வைத்து 'பாட்டு வருதுதானே, பேச்சு மட்டும் ஏன் வராது' என்று பிள்ளையை மடக்கக் கூடாது, அதையும் வகுப்பில் சொல்லுங்கள்.

பழைய பாதை:

எல்லாரும் ஒரேயடியாகப் பெரிசுபடுத்துகிறீர்கள். எங்கள் காலத்தில் கேலி இல்லாத வகுப்பு உண்டா? என்னைப் பத்து வருஷம் 'கட்டையன்' என்றுதான் கூப்பிட்டார்கள். திருப்பிக் கொடுத்தேன், விட்டுவிட்டார்கள். பிள்ளைக்குத் தைரியம் சொல்லிக் கொடுங்கள், டீச்சரிடம் போய் நின்றால் அவனை இன்னும் பூஞ்சையாகத்தான் பார்ப்பார்கள்.

கொட்டகலைக்காரன்:

அண்ணா, உங்களைக் 'கட்டையன்' என்றவனுக்கு 'போடா' என்று திருப்பிச் சொன்னீர்கள். எனக்கு அந்த 'போடா'வே வராதே.

பழைய பாதை:

சரி தம்பி. அதை நான் யோசிக்கவில்லை.

ஆனால் ஒன்று ஞாபகம் வருகிறது. எங்கள் தோட்டத்தில் என் சித்தப்பா மகன் ஒருவன், கடைக்கு அனுப்பினால் சீனி என்று கேட்க முடியாமல் கையால் காட்டி வாங்கி வருவான். மாசி மாதம் காமன் கூத்து வந்தால் அவனுக்குத்தான் ரதி வேஷம். தப்பு அடிக்க அடிக்க விடிய விடியப் பாடுவான், ஒரு இடத்திலும் தடங்காது. கொழுந்து பறிக்கிற பொம்பிளைகள் எல்லாம் அழுவார்கள். மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டில் கங்காணி பெயர் கேட்டால் பழையபடி திக்குவான். சாமி வந்து பாடினது என்றுதான் அப்போது சொன்னோம். அவன் பாவம், தன் வாயால் பாடினதுக்கும் பெயரைச் சாமிக்குக் கொடுத்துவிட்டோம்.

வாசகசாலை:

வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பிள்ளைக்குத் திக்கல் என்று சொல்லவே கூடாது, சொல்லிச் சொல்லித்தான் கூடும். அமெரிக்காவில் அனாதைப் பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லிச் சொல்லியே திக்குவாயாக்கிவிட்டார்கள் என்று வாசித்திருக்கிறேன்.

பண்டாரவளை பேச்சு:

நீங்கள் சொல்வது 1939இல் அயோவா பல்கலைக்கழகத்துக்காரர்கள் செய்த ஆராய்ச்சி. 22 அனாதைப் பிள்ளைகள். நன்றாகப் பேசிய சிலரிடமும் உன் பேச்சு கோணல், திக்கப் போகிறாய், சரியாக வராவிட்டால் பேசாதே என்று மாதக்கணக்கில் சொன்னார்கள். அயோக்கியத்தனமான வேலை, அந்தப் பல்கலைக்கழகமே 2001இல் மன்னிப்புக் கேட்டது. ஆனால் அந்தப் பிள்ளைகள் திக்குவாயாக மாறினார்கள் என்று அதில் நிரூபணமாகவில்லை. அவர்கள் பேச்சைக் குறைத்தார்கள், வெட்கப்பட்டு ஒதுங்கினார்கள். பேச்சைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தால் பிள்ளை வாயை மூடும், அதுதான் அதில் பார்க்க வேண்டியது. 'உனக்குத் திக்கும், பரவாயில்லை, நான் நிற்கிறேன்' என்று சாதாரணமாகச் சொல்வது வேறு. பதினொரு வயதுப் பையனுக்குத் தனக்குத் திக்கும் என்று தெரியாதா என்ன? வீட்டில் யாரும் அந்தச் சொல்லை எடுக்காவிட்டால், வாயால் சொல்லக்கூட முடியாத அளவுக்கு அசிங்கமான காரியம் போலிருக்கிறது என்றுதான் நினைப்பான்.

பெயர் வேண்டாம்:

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் அந்த மற்றப் பக்கத்து ஆள். தரம் 8இல் எங்கள் வகுப்பில் ஒருவன் திக்குவான், அவனைப் போல் பேசிக் காட்டுவதில் நான் கெட்டிக்காரன். கண் சிமிட்டுவது, கழுத்தை வெட்டுவது எல்லாம் அப்படியே செய்வேன். அவனும் சேர்ந்து சிரிப்பான். அதனால் அவனுக்கு ஒன்றுமில்லை என்றே நம்பினேன். பிறகு ஒரு நாள் டியூஷனுக்குப் போகிற வழியில், கொங்கிறீட் படிக்கட்டில், அவன் தனியாக நின்று தன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். தனியாக இருந்ததால் சுத்தமாக வந்தது. என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டு அதே சிரிப்புச் சிரித்தான். நான் அதற்குப் பிறகு செய்யவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

டீச்சர்மாருக்கு ஒன்று சொல்கிறேன். அதிபர் காலைக் கூட்டத்தில் 'யாரையும் கேலி செய்யாதீர்கள்' என்று ஒரு மணித்தியாலம் பேசினாலும் என்னைப் போன்றவனுக்கு ஏறாது. நான் அவனுக்காகச் செய்யவில்லை, பின்வாங்கில் இருந்த நாலு பேர் சிரிப்பதற்காகச் செய்தேன். அந்த நாலு பேரைப் பிடியுங்கள். ஆட்டம் பார்க்க ஆள் இல்லாவிட்டால் கூத்துக்காரன் எத்தனை நாளைக்கு ஆடுவான்?

சாக்பீஸ்:

பெயர் வேண்டாம் தம்பி, இதை எழுதியது பெரிய காரியம். நானும் அப்படித்தான் செய்தேன், மிமிக்ரி செய்பவனை விட்டுவிட்டு மற்றவர்களிடம் பேசினேன்.

லிந்துலை அம்மா, வகுப்பில் நான் என்ன செய்தேன் என்று கேட்டிருந்தீர்கள், தனி மடலில். இங்கேயே எழுதுகிறேன். யாருடைய பெயரும் சொல்லவில்லை. எங்கள் தாத்தா டின் பெட்டியில் வைத்திருந்த பழைய ஐந்து சதக் காசு ஒன்றைக் கொண்டுபோனேன், 1944ஆம் ஆண்டுக் காசு, சதுரமாக இருக்கும். பிள்ளைகள் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். இதில் இருக்கிற தலை யார்? ஆறாம் ஜோர்ஜ் ராஜா. நம் தோட்டங்கள் எல்லாம் இந்த ராஜாவின் ஆட்சியில் இருந்தபோது அடித்த காசு, இவருக்குத் திக்கும், ரேடியோவில் பேச வேண்டிய ஒவ்வொரு முறையும் பயிற்சி எடுத்துக்கொண்டு பேசினார் என்றேன். ராஜாவுக்கேவா என்று ஒருவன். ராஜாவைப் பார்த்துச் சிரித்தால் தலையை வெட்டிவிடுவார்களே என்று இன்னொருவன். அது நான் எதிர்பார்க்காத திருப்பம், ஆனாலும் வகுப்பு விழித்துக்கொண்டது.

பிறகு எல்லாரையும் எழுதாத கையால் தங்கள் முழுப் பெயரை எழுதச் சொன்னேன். எழுதும்போது பக்கத்தில் இருப்பவர் 'மெதுவா, மெதுவா', 'பதறாதே', 'மூச்சை இழுத்து விடு' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நிமிஷத்தில் 'டீச்சர், இவனை வாயை மூடச் சொல்லுங்க' என்று கத்தினார்கள். திக்குகிறவருக்கு நாம் சொல்கிற புத்தியும் இப்படித்தான் கேட்கும் என்றேன். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஒன்று மட்டும் செய்துவிடாதீர்கள், 'எல்லாரும் ஐந்து நிமிஷம் திக்கிப் பேசிப் பாருங்கள்' என்று. பக்கத்து வகுப்பு சேர் ஒருவர் நல்ல எண்ணத்தில் செய்தார், அந்தத் தவணை முழுக்க அதுவே விளையாட்டாகிவிட்டது.

சூடான பிளேன்டீ:

வசம்பு சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஒரு சந்தேகம், அவர் சொல்லத் தவிக்கும்போது நாம் சொல்லிக் கொடுத்தால் உதவிதானே? சும்மா பார்த்துக்கொண்டு நிற்பது அநியாயமாக இருக்கிறதே.

கொட்டகலைக்காரன்:

நான் கொட்டகலை என்று சொல்ல நினைக்கும்போது நீங்கள் கொழும்பா, கொத்மலையா, கொட்டியாகலையா என்று வரிசையாகக் கேட்டால் எப்படி இருக்கும்? ஒவ்வொன்றுக்கும் தலையாட்ட வேண்டும், பிறகு முதலில் இருந்து தொடங்க வேண்டும். சரியாகவே ஊகித்தாலும் அது என் சொல் இல்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள், போதும். முறைத்துப் பார்க்கவும் வேண்டாம், வானத்தையும் பார்க்க வேண்டாம்.

ஹப்புத்தளை அக்கா:

சிகிச்சை பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை. அரசாங்கத்தின் பெரிய ஆஸ்பத்திரிகளில் பேச்சு சிகிச்சை இலவசமாகவே இருக்கிறது. ஆனால் என் மகளைக் கூட்டிக்கொண்டு போன இடத்தில் தமிழ் தெரிந்தவர் இல்லை, தாதி ஒருவர் நடுவில் நின்று மொழிபெயர்த்தார். பேச்சுக்கு வைத்தியம், அதற்கு மொழிபெயர்ப்பாளர்! முன்பே போன் செய்து தமிழில் பார்ப்பவர் எந்த நாளில் இருப்பார் என்று கேட்டுவிட்டுப் போங்கள். ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் வீணாகாது. சிகிச்சை எடுத்தால் ஒரு மாதத்தில் திக்கல் போய்விடும் என்று நினைத்தும் போகாதீர்கள். என் மகள் இன்றும் திக்குகிறாள், ஆனால் முன்பு போல் ஓடி ஒளிவதில்லை.

லிந்துலை அம்மா:

எல்லோருக்கும் நன்றி. சாக்பீஸ் டீச்சர் சொன்னபடி முதலில் மகனிடமே கேட்டேன். வகுப்பில் சொல்லட்டுமா, நீ அன்றைக்கு வீட்டில் நிற்கிறாயா என்றேன். வேண்டாம், நானும் இருக்கும்போது சொல்லட்டும், இல்லாட்டி என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாதே என்றான். நியாயம்தானே.

டீச்சர் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டதற்கு அவனே ஒன்று சொன்னான். எங்கள் லயத்துக்கு மேல் மலையிலிருந்து ஹோஸ் பைப் போட்டுத்தான் தண்ணீர் வருகிறது. சில நாள் பைப்புக்குள் காற்று அடைத்துக்கொள்ளும். திறந்தால் புஸ் புஸ் என்று துப்பும், நிற்கும், பிறகு குபுகுபுவென்று வரும். 'அப்படின்னு சொல்லச் சொல்லுங்கம்மா. தண்ணி இருக்கு. வாளிய எடுத்துட்டுப் போயிடாதீங்க.'

இதை எழுதும்போது கண் கலங்குகிறது, விடுங்கள். நாளைக்கு டீச்சரைப் பார்க்கப் போகிறேன்.

பண்டாரவளை பேச்சு:

இந்த வாளிக் கதையை என் கிளினிக்கில் சொல்லிக்கொள்ளலாமா என்று அவனிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

லிந்துலை அம்மா:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், மழையில் சிக்னல் இல்லை.

டீச்சர் முதலில் கொஞ்சம் தயங்கினார், இத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு எதைத்தான் பார்ப்பது என்றார். அதுவும் உண்மைதான். ஆனால் அடுத்த வாரமே வகுப்பில் பேசியிருக்கிறார். பைப் கதையை மகனே எழும்பிச் சொன்னானாம். நடுவில் இரண்டு இடத்தில் நின்றுவிட்டதாம், 'இப்ப காத்து அடைச்சிருக்கு' என்றானாம், வகுப்பே சிரித்திருக்கிறது, ஆனால் அந்தச் சிரிப்பு வேறு என்கிறான். பட்டப்பெயர் முழுசாகப் போகவில்லை. இரண்டு பையன்கள் இன்னும் கூப்பிடுகிறார்களாம். செவ்வாய்க்கிழமை வயிற்றுவலி போன வாரம் வந்தது, இந்த வாரம் வரவில்லை. ஹப்புத்தளை அக்கா சொன்னபடி போன் செய்து கிளினிக்குக்கும் நாள் எடுத்துவிட்டேன். பேச்சு சேர், வாளிக் கதையைச் சொல்லலாமாம், ஆனால் லிந்துலைப் பையன் சொன்னது என்று சொல்ல வேண்டுமாம்.

நேற்று சூன் பாண் ஆட்டோ வந்தது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன், அவன்தான் காசோடு போனான். 'கி' என்று தொடங்கி நின்றது. சத்தமே இல்லை. காலைத் தட்டினான். எனக்கு நாக்கு நுனியில் கிம்புலா பனிஸ் நிற்கிறது, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். பாண்காரர் ஆட்டோவின் பாட்டை நிறுத்திவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை விநாடி என்று தெரியாது, எனக்கு ஒரு கொழுந்து மலை பறித்து முடித்த மாதிரி இருந்தது. 'கிம்புலா பனிஸ் ரெண்டு' என்றான்.

ரெண்டில் ஒன்று எனக்கு என்று நினைத்தேன். இல்லை, ரெண்டையும் அவனே தின்றான்.